ஃபில்டர் பிறந்த கதையும் ஒரு கட்டுக் காடாவும்

ராஜபாளையத்தில் ஜெய்னுலாப்தீன் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். டிக்சனரி பாய் வீடு எது என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் விடுவார்கள். விட்ட கையோடு ஓடியும் வந்துவிடுவார்கள். செத்த நேரம் நின்றால் ஏதாவது ஒரு சொல்லின் பிறப்பு வளர்ப்பைக் கேட்காமல் அங்கிருந்து நகர முடியாது.

மனிதருக்குத் தொழில் துணி. உடுத்துகிற துணி இல்லை. ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள தறிக்கூடங்களில் ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி ஓடுகிறதே, அது. நூலுக்கும் நூலுக்கும் இடம் விட்டு, அந்தப் பக்கம் நிற்பவர் மூஞ்சி இந்தப் பக்கம் தெரிகிற மாதிரி நெய்த துணி. அதில் கரை பிசகியது, நூல் அறுந்தது, நீளம் போதாமல் நின்றது என்று மிஞ்சும் துண்டுகளை மொத்தமாக வாங்கி வந்து, வீட்டு முன்னறையில் போட்டுத் தரம் பிரிப்பார். மட்டமானது வண்டி துடைக்க ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். நல்லது வடிகட்டும் துணியாகச் சமையல்காரர்களுக்குப் போகும். அந்த நல்ல துணியின் மேல் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. முப்பது வருசத்தில் ஒருத்தரும் அதைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

டிக்சனரி வந்து சேர்ந்தது பழைய பேப்பர் கடையிலிருந்து. பொதி கட்டப் பேப்பர் வாங்கப் போன இடத்தில் அட்டை போன ஒரு தடிப் புத்தகம் கிடந்தது. இரண்டு கெசம் துணியைக் கொடுத்து அதைத் தூக்கி வந்தார். அவர் பத்தாம் வகுப்புதான். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பார், அர்த்தத்துக்குத் திணறுவார். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் கடைசியில் கட்டம் போட்ட அடைப்புக்குள் அது எந்த ஊரில், எந்தப் பாஷையில் பிறந்தது என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் மனிதர் விழுந்துவிட்டார். மனுசனுக்குத்தான் பிறந்த சர்டிபிகேட் என்று நினைத்தால் வார்த்தைக்கும் இருக்கிறதே! தான் கட்டிக்கட்டி விற்கிற காட்டன் அரபு தேசத்துப் பேர். மஸ்லின் மோசூல் பட்டணத்தோட பேர். காலிக்கோ நம்ம கோழிக்கோட்டோட பேர். இதைக் கண்டுபிடித்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. நேரே ஒரு தறிக்கூடத்து முதலாளியிடம் போய், “அண்ணாச்சி, காலிக்கோங்கிறது கோழிக்கோடு தெரியுமா?” என்றார். “தெரிஞ்சுக்கிட்டேன் பாய். பொதியை எப்ப எடுக்கிறீய?” என்றார் முதலாளி.

அதிலிருந்து பன்னிரண்டு வருசமாக வழக்கம் மாறவில்லை. விடியற்காலைத் தொழுகை முடிந்து, வெளிச்சம் வந்து, அப்ரோஸ் பேகம் டீ வைத்ததும் டிக்சனரி திறக்கும். அந்த வாரத்தில் எங்காவது கண்ணில் பட்ட ஒரு சொல். ஒன்றுதான். இரண்டு பார்த்தால் முதலாவது மறந்துபோகும் என்பார்.

“இன்னைக்கு எது எங்க பொறந்துச்சாம்?” என்பாள் அப்ரோஸ் பேகம். மகள் சப்ரீனைக் கட்டிக் கொடுத்து அனுப்பிய பிறகு வீட்டில் கிண்டல் பண்ண அவளுக்கு வேறு ஆள் இல்லை. “கேஸ் தீந்துபோச்சு. அது எங்க பொறக்குதுன்னு பாத்து ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

இப்படி ஒருத்தருக்கு என்ன குறை வரும்? வந்தது. ஆடி மாசத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய துணியை வாங்குகிற பால்கோவாக்காரர்கள் நாலு பேர். நாலு பேரில் மூத்த வாடிக்கை செல்வலட்சுமி. தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் மூன்று அடுப்பு வைத்துக் கிண்டுகிறாள். பாலும் சீனியும் தவிர அவள் வாணலிக்குள் வேறு எதுவும் எட்டிக்கூடப் பார்க்காது. பாலை இரண்டு தடவை வடிகட்டுவாள். கேனிலிருந்து ஊற்றும்போது ஒரு தடவை, முதல் கொதி வந்ததும் சூடாக இன்னொரு தடவை. ‘ரெண்டு வடி’ என்று அதற்குப் பேரே வைத்திருந்தாள். வடித்த பிறகு துணியை முறுக்கி, கடைசிச் சொட்டு வரை பிழிந்துவிடுவாள். இன்னொரு வைராக்கியமும் உண்டு. ஈரத் துணி பாலைத் தொடக் கூடாது. பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தது என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதாம். அதனால் துணி எப்போதும் காய்ந்த துணி. துவைத்தது காய நேரமில்லாத அவசர நாளில் கட்டைப் பிரித்துப் புதுத் துணியை அப்படியே போடுவாள்.

அவளுக்குப் பால் ஊற்றுகிறவன் வன்னியம்பட்டி வேல்பாண்டி. ஊரில் பத்துப் பதினைந்து வீட்டு மாட்டுப் பாலைச் சேர்த்து, மோட்டார் சைக்கிளில் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டு, பதினொரு வருசமாக அந்த நாலு அடுப்படிக்கும் ஊற்றுகிறான். அதிகம் பேச மாட்டான். கேனை இறக்குவான், மூடியைத் திறப்பான், ‘பாத்துக்கோங்க’ என்பான். அவ்வளவுதான்.

ஆடிப்பூரத் தேர் நெருங்க நெருங்க பால்கோவாவுக்குக் கிராக்கி ஏறும். அந்த வாரம் பார்த்து ஜெய்னுலாப்தீனிடம் வெளுத்த துணி தீர்ந்துபோனது. துணி வெளுக்கிற பட்டறையில் ஏதோ ரிப்பேர், எட்டு நாள் ஆகும் என்றார்கள். அவரிடம் கையில் இருந்தது காடாத் துணி. தறியிலிருந்து இறங்கிய கோலத்தில், வெளுக்காமல், லேசான பழுப்பில் இருப்பது. வாடிக்கைக்காரியை வெறுங்கையோடு விடலாமா? ஒரு கட்டைத் தூக்கி எக்ஸெல் வண்டியில் வைத்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

“என்ன பாய், வெள்ளையா இல்லியே?” என்றாள் செல்வலட்சுமி.

“தறில இருந்து நேரா எறங்குன துணி தங்கச்சி. மருந்து மாயம் ஒண்ணும் படல. வெளுத்ததை விட இது கெட்டி. எம்புட்டு இழுத்தாலும் கிழியாது.”

சொன்னது பூராவும் உண்மைதான். சொல்லாமல் விட்டதில்தான் வினை. காடாவைக் கொதிக்க வைத்து அலசாமல் யாரும் எதற்கும் தொட மாட்டார்கள் என்பது துணிக்காரருக்கு எவ்வளவு சாதாரணம் என்றால், அதை இன்னொருத்தருக்குச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அவளோ இத்தனை வருசமும் அவர் கையால் வெளுத்த துணியை மட்டுமே வாங்கியவள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை அவர் அந்தப் பக்கம் போனபோது சந்து முனையிலேயே செல்வலட்சுமியின் குரல் கேட்டது. அடுப்படி வாசலில் வேல்பாண்டி நிற்கிறான். கேன் இரண்டும் மூடி திறக்காமல் தரையில் இருக்கின்றன. பக்கத்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கிறார்கள்.

“நல்ல நேரத்துல வந்தீய பாய்!” என்றாள் செல்வலட்சுமி. “இந்த இங்கிலீசை வாசிச்சு இவன்கிட்ட சொல்லுங்க.”

விசயம் இதுதான். சென்னையில் ஒரு பெரிய இனிப்புக் கடை அவளிடம் பால்கோவா கேட்டிருந்தது. பாலைத் தினமும் சோதித்து எழுதி அனுப்ப வேண்டும் என்று சொல்லி, ஒரு சின்னப் பெட்டியில் சோதனைச் சாமானும் அனுப்பியிருந்தது. காய்ச்சிய பாலைக் கொஞ்சம் ஆறவைத்து அயோடின் இரண்டு சொட்டு விட வேண்டும். மூன்று நாளாக விடுகிறாள். மூன்று நாளும் பால் நீலமாகிறது. ஒரு கண்ணாடிக் குழாயை அவர் முன்னால் நீட்டினாள். அதற்குள் பால் மேகம் கறுத்த மாதிரி நின்றது.

ஜெய்னுலாப்தீன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பெட்டிக்குள் இருந்த தாளை வாசித்தார். பத்துப் பேர் பார்க்க இங்கிலீஷ் வாசிப்பது என்றால் அவருக்குக் கரும்பு.

“நீலம் வந்தா ஸ்டார்ச் இருக்குன்னு போட்டிருக்கான். ஸ்டார்ச்னா மாவு” என்றார். அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? “அந்த வார்த்தை பொறந்த வகை என்னன்னா, விறைப்பாக்கறதுன்னு அர்த்தம். துணியை விறைப்பாக்கக் கஞ்சி போடுறோம்லா, அதான் ஸ்டார்ச்சு.”

துணி, கஞ்சி என்று தன் வாயாலேயே சொன்னார். காதில் விழவில்லை. சொல்கிற சந்தோசத்தில் இருக்கிறவருக்குச் சொன்னது எங்கே கேட்கும்!

“கேட்டியாலே? மாவு!” என்றாள் செல்வலட்சுமி. “தண்ணிய ஊத்திட்டுத் திக்கா தெரிய மாவைக் கரைச்சு ஊத்திருக்க. எம் பால்கோவால மாவு!”

“அக்கா, என் புள்ளைக மேல சத்தியமா இல்ல” என்றான் வேல்பாண்டி. பொறவு ஜெய்னுலாப்தீனைப் பார்த்தான். “பாய், நீங்களாவது சொல்லுங்க.”

அவர் என்ன சொல்ல? தாளில் இருப்பதைத்தான் சொல்ல முடியும். “தாளு பொய் சொல்லாது வேல்பாண்டி” என்றார். அவன் கேனைத் தூக்கி வண்டியில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் சந்தைத் தாண்டுவதற்குள் பால்கோவாக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் செல்வலட்சுமியின் குரல் ஏறிவிட்டது. சாயங்காலத்துக்குள் மற்ற மூன்று அடுப்படியிலும் அவனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆள் பால் ஊற்றுவதாகப் பேச்சு; அதுவரை கிடைத்த பாலை வைத்துச் சமாளித்துக்கொண்டு, செல்வலட்சுமி சோதனைப் பெட்டியை மூடிவைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை. டீ வந்தது, டிக்சனரி திறந்தது. அந்தச் சோதனைத் தாளில் கண்ணில் பட்ட இன்னொரு சொல் அவருக்குள் கிடந்து உருண்டுகொண்டிருந்தது. ஃபில்டர். ஊரில் காபிக்கு இருக்கிறது, தண்ணீருக்கு இருக்கிறது, வண்டிக்கு இருக்கிறது. தான் விற்பதே அதுதான். இத்தனை வருசம் இதன் சர்டிபிகேட்டைப் பார்க்காமல் விட்டோமே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

பார்த்தார். பழைய பிரெஞ்சு. அதற்கும் முன்னால் லத்தீனில் ஃபில்ட்ரம். ஃபில்ட்ரம் என்றால் ஃபெல்ட். ஃபெல்ட் என்றால் ஆட்டு ரோமத்தை நனைத்து, அடித்து, அழுத்திச் செய்கிற கம்பளி. தொப்பி செய்வார்களே, அது. அந்தக் காலத்து ஆட்கள் கம்பளித் துண்டில் ஊற்றித்தான் வடித்திருக்கிறார்கள். அந்தக் கம்பளியின் பேரே கடைசியில் வடிகட்டிக்கு வந்துவிட்டது.

“ஏ அப்ரோசு! கம்பளியாம்! ஃபில்டருங்கிறது கம்பளியாம்!”

அடுப்படியிலிருந்து அவள் சத்தம் வந்தது. “கம்பளியிலயா வடிச்சாங்க? முடி உதிராதா? ஆட்டு வாடை அடிக்காதா?”

“நல்லா அலசிட்டுத்தான் வடிச்சிருப்பாங்க” என்றார் அவர்.

சொல்லிவிட்டு டீயை எடுத்தவர் குடிக்கவில்லை.  ஃபில்டர் என்றால் அவர் மனசில் இத்தனை நாளும் ஓட்டைதான். வேண்டாததைப் பிடித்துக்கொண்டு வேண்டியதை விடுகிற ஓட்டை. அந்தச் சொல்லோ ஓட்டையைப் பற்றிப் பேசவே இல்லை. அது ஒரு சாமானின் பேராக இருந்தது. சாமான் என்றால் அதற்கு வாடை உண்டு, அழுக்கு உண்டு. அலசாவிட்டால் தன்னிடம் இருப்பதையும் ஊற்றுவதோடு சேர்த்து இறக்கிவிடும். கம்பளியில் முடி என்றால், தன் துணியில் என்ன?

நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் தறியில் அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி போட்டு விறைப்பாக்கியிருப்பார்கள். வெளுக்கும்போதுதான் அந்தக் கஞ்சி போகும். அவர் செல்வலட்சுமிக்குக் கொடுத்தது வெளுக்காத துணி.

எழுந்து போய் மூலையில் மிச்சமிருந்த காடாவில் ஒரு துண்டைக் கிழித்து வந்தார். பேண்டேஜ் வியாபாரி வீட்டில் காயத்துக்குப் போடுகிற பீட்டாடினுக்கு என்ன பஞ்சம்? அதுவும் அயோடின்தான். ஒரு சொட்டு விட்டார். துணியில் கறுநீலமாக ஒரு பொட்டு விழுந்து, நூல் வழியாகப் படர்ந்தது.

அப்ரோஸ் பேகம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். “என்ன ஆச்சு?” என்றாள். அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது வருசத்து நல்ல துணி ஒரு பக்கம். ‘தாளு பொய் சொல்லாது’ என்று தான் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டு கேனைத் தூக்கினானே, அவன் ஒரு பக்கம்.

அவள் நிதானமானவள். “திங்கக்கிழமை வெளுத்த துணி வந்துரும்லா?” என்றாள். “கொண்டுபோய் மாத்திக் கொடுத்துருங்க. நீலமும் நின்னுரும். நாலு பேரு கிட்ட நாமளே போய், எங்க துணிதான் பாலைக் கெடுத்துச்சுன்னு சொன்னா, பொறவு யாரு வாங்குவா?”

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவருக்கும் அந்த யோசனை ஒரு நிமிசம் இனித்தது. துணி மாறும், நீலம் நிற்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. தேரும் நல்லபடியாக ஓடும்.

பிறகுதான் மீதியும் உறைத்தது. “நீலம் எப்ப நிக்கும்? வேல்பாண்டி பாலை நிறுத்துன பொறவு நிக்கும்” என்றார். “வேற பால் ஊத்துனோம், நீலம் போச்சு, பாத்தியா அவன்தான் மாவு கலந்தவன்னு ஆயிரும். சும்மா இருந்தாக்கூடச் சந்தேகத்தோட போயிருக்கும் அப்ரோசு. நான் துணியை மாத்துனா அவன்தான்னு சாட்சி சொன்ன மாதிரி ஆயிரும்.”

அப்ரோஸ் பேகம் உள்ளே போய் அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து வந்து கொடுத்தாள். “வெறும் வயித்துல போகாதீய. ரெண்டு இட்லி தின்னுட்டுப் போங்க.”

முதலில் வன்னியம்பட்டிக்குப் போனார். வேல்பாண்டி வாசலில் கவிழ்த்த கேன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பாலை எங்கே ஊற்றுகிறாய் என்று கேட்டார். ரோட்டோரத்து டீக்கடைகளில் கேட்டுக் கேட்டு ஊற்றுகிறானாம். அங்கேயும் இரண்டு கடையில், ‘மாவுப் பாலா?’ என்று சிரித்தார்களாம். அவன் இதைச் சொன்ன விதத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் ஜெய்னுலாப்தீனுக்குத் தாங்கவில்லை.

“ஒரு படிப் பாலும் உன் கேனும் எடுத்துக்கோ. எங்கூட வா” என்றார்.

“எதுக்கு பாய்?”

“தப்பு எம் மேல. வந்து பாரு.”

செல்வலட்சுமி அவனைக் கண்டதும் துடுப்பை வாணலியில் நிறுத்திவிட்டாள். திட்டுவதற்கு வாயைத் திறப்பதற்குள் ஜெய்னுலாப்தீன் கையெடுத்துக் கும்பிட்டார். “தங்கச்சி, ரெண்டு நிமிசம். பொறவு என்னைய வையுங்க. அவனை வையாதீய.”

கேனிலிருந்து ஒரு டம்ளர் பாலை வடிகட்டாமல் காய்ச்சச் சொன்னார். ஆறவிட்டு அயோடின் விட்டாள். பால் லேசாக மஞ்சளடித்துவிட்டு அப்படியே நின்றது. அடுத்து அதே பாலைச் சூடாக, காடாத் துணியில் வடிக்கச் சொன்னார். “நீங்க எப்பவும் செய்யிற மாதிரியே செய்யுங்க.” அவள் வடித்தாள். வழக்கப்படி துணியை முறுக்கிக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தாள். அயோடின் விட்டாள். பால் நீலமானது.

செல்வலட்சுமி இரண்டு பாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அடுப்பில் புளிய விறகு படபடவென்று எரிந்தது.

“தறியில நூலுக்குப் போட்ட கஞ்சி, தங்கச்சி” என்றார் ஜெய்னுலாப்தீன். “கொதிக்க வச்சு அலசிட்டுப் போடணும்னு நான் சொல்லிருக்கணும். சொல்லல. அன்னைக்குத் தாளை வாசிச்சுத் தீர்ப்பும் சொல்லிட்டுப் போனேன்.”

செல்வலட்சுமி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாலில் தண்ணீர் படக் கூடாது என்று ஈரத் துணியைக்கூட அண்ட விடாதவள். இரண்டு இரண்டு தடவை வடித்துத் தன் கையாலேயே பிழிந்து பிழிந்து விட்டிருக்கிறாள். வேல்பாண்டியைப் பார்த்தாள். “ஏலே, நான் என்னலாம் பேசிட்டேன்” என்றாள்.  முந்தானையால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள். “இப்பவே குரூப்புல சொல்லிருதேன்.”

“வேண்டாம்க்கா” என்றான் வேல்பாண்டி. அந்த அடுப்படிக்குள் வந்த பிறகு அவன் வாயைத் திறந்தது அப்போதுதான். “நான் மாவு கலந்தேன்னு நீங்க அனுப்புனதை எல்லாரும் ரெண்டு தடவை கேட்டாவ. இல்லைன்னு அனுப்புனா யாரு முழுசாக் கேப்பா? நேர்ல காட்டணும்.”

நியாயம்தான். வைவதைக் கேட்க இருக்கிற காது வேறு எதற்கும் இருப்பதில்லை. ஜெய்னுலாப்தீன் பீட்டாடினையும் காடாவையும் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். பின்னால் வேல்பாண்டி கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

முதல் அடுப்படியில் இரண்டு பாலையும் காட்டிச் சொன்னார். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, நாளைக்குப் பால் கொண்டுவா என்றார். இரண்டாவது அடுப்படிக்காரர் வேல்பாண்டியை வரச் சொல்லிவிட்டு, ஜெய்னுலாப்தீனைப் பார்த்து, “நல்ல துணி கொடுத்தீரய்யா!” என்றார். அது சுருக்கென்று குத்தியது. குத்த வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டார். நல்ல துணி என்று இனிமேல் வாய்கூசாமல் சொல்ல முடியுமா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

கடைசி அடுப்படி பெரியது. எட்டு பேர் வேலை செய்கிற இடம். தேர் நேரம் என்பதால் வாசலில் வாங்க வந்தவர்களும் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் பால் ஒன்று மஞ்சளாக நின்றது, ஒன்று நீலமானது. முதலாளி பரிபூரணம் என்கிற அம்மாள். குரலைக் கேட்டாலே ஆட்கள் ஒதுங்குவார்கள். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “அப்படியா சங்கதி” என்றாள். “கஞ்சித் துணியை எவன் அவளுக்குக் கொடுத்தான்?”

ஜெய்னுலாப்தீன் வாயைத் திறப்பதற்குள் வேல்பாண்டி முந்திக்கொண்டான். பேசவே பேசாத ஆள்.

“எவன்னு எதுக்கும்மா? வேணும்னு யாரும் செய்யல. துணில கஞ்சி இருந்துச்சு, தெரியல. இனிமே கொதிக்க வச்சு அலசிட்டுப் போடுங்க. அம்புட்டுத்தான்.”

அம்மாள் விடவில்லை. “பேரைச் சொல்லுலே.”

“சொல்ல மாட்டேம்மா.”

ஜெய்னுலாப்தீனுக்கு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்ள ஒரு நிமிசம் ஆசையாகக்கூட இருந்தது. ஆனாலும் முன்னால் வந்து, “நான்தாம்மா கொடுத்தேன்” என்றார். வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வாங்கி வடிச்சவளுக்கும் சேத்து ரெண்டு சாத்தணும் உங்களை” என்றாள். பொறவு வேல்பாண்டியிடம், “நாளைக்கு ஆறு மணிக்கு. லேட் பண்ணாத” என்றாள்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “ஏன் வேல்பாண்டி? உம் பேரை ஊரு பூரா இழுத்தாங்க. தாளு பொய் சொல்லாதுன்னு சொன்னவனே நான்தான். எம் பேரைச் சொல்ல உனக்கு என்ன?”

வேல்பாண்டி காலிக் கேனை மடியில் ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“நாலு நாளாப் பாத்துட்டேன் பாய். உங்கப்பன் மாவு கலந்தவனான்னு எம் புள்ளைக கிட்ட பள்ளிக்கூடத்துல கேட்டாங்க. அது யாருக்கும் வேண்டாம்.”